கோப்பையா, சீரான ஆட்டமா? கால்பந்து மேனேஜரை எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 21, பில்பாவ் நகரம். ஐரோப்பிய கிளப்களின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று லண்டன் கிளப் டாட்டன்ஹாம் வென்றது. 17 வருஷமாக எந்தக் கோப்பையையும் தொடாத கிளப் அது. மைதானத்தில் பெரியவர்கள் குழந்தைகளைப் போல அழுதார்கள். சரியாக 16 நாள் கழித்து மேனேஜர் ஆஞ்ஜ் போஸ்டகாக்லுவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதே சீசனில் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களில் 22-ல் தோற்று டாட்டன்ஹாம் 17-வது இடத்தில் முடித்திருந்தது. இன்னும் ஒரு படி சறுக்கியிருந்தால் கீழ்ப்பிரிவு.

அவரை அனுப்பியது சரியா தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் சீரான ஆட்டத்தின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோப்பை ஜெயித்தவர்தானே நல்ல மேனேஜர்? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கோப்பை ஒரு சான்று, மறுக்கவில்லை. அந்தச் சான்றில் மேனேஜரின் பங்கு எவ்வளவு, அன்றைய நாளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

2012 மே 19 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மியூனிக்கில், ஐரோப்பிய கிளப்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டம். பேயர்ன் மியூனிக் தன் சொந்த மைதானத்தில் செல்சியை எதிர்த்து ஆடுகிறது. 83-வது நிமிஷம் முல்லர் தலையால் முட்டி கோல் போடுகிறார். கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 88-வது நிமிஷம் செல்சிக்கு ஒரு கார்னர் கிடைக்கிறது. ஆட்டம் முழுக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே கார்னர் அதுதான். பேயர்னுக்கு அன்று 20 கார்னர். மாட்டா உதைக்கிறார், துரோக்பா முன்கம்பத்துப் பக்கம் ஓடிவந்து முட்டுகிறார், கோல். கூடுதல் நேரத்தில் ராபனின் பெனால்டியை கோல்கீப்பர் செக் பிடித்துவிடுகிறார். ஷூட்அவுட்டில் ஷ்வைன்ஸ்டைகர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே வருகிறது. கடைசி உதை துரோக்பாவுடையது. கோப்பை லண்டனுக்குப் போகிறது.

அன்று செல்சியின் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட்டோ டி மட்டேயோ. மார்ச் மாதம்தான் தற்காலிகமாக அவரை உட்காரவைத்தார்கள். தோற்றால் வெளியேறும் இங்கிலாந்துப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து இரண்டு கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். பார்சிலோனா மைதானத்தில் 10 பேரோடு தாக்குப்பிடித்து இறுதிக்கு வந்தது சாதாரண விஷயமில்லை, அந்தப் பெருமை அவருக்கே. ஆனால் அந்த சீசன் லீக்கில் செல்சி ஆறாவது இடம். நவம்பர் மாதமே அவர் வேலை போய்விட்டது. அந்தக் கோப்பையைப் பார்த்து அடுத்த சீசனில் இந்த அணி எப்படி ஆடும் என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. ஷ்வைன்ஸ்டைகரின் பந்து ஒரு கையளவு உள்ளே போயிருந்தால் டி மட்டேயோ மோசமான மேனேஜர் ஆகியிருப்பாரா? அவர் மாதக்கணக்கில் செய்த வேலையில் ஒரு துளிகூட மாறியிருக்காது.

ஒரு ஆட்டத்துக்கு மூன்று கோல் சுமாராக விழும் விளையாட்டு இது. ஒரே ஒரு பந்து துள்ளும் விதத்தில் முடிவு மாறும். இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப் ஒன்று எஃப்.ஏ. கோப்பையை வெல்ல ஆறு சுற்று தாண்டினால் போதும். லீக்கில் 38 ஆட்டம். ஆறு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கூடவே வரும்; 38 ஆட்டத்துக்கு வராது.

மேனேஜர், பயிற்சியாளர் இரண்டும் ஒன்றா?

ஐரோப்பாவின் பல கிளப்களில் பயிற்சியாளர் அணியை மட்டும் பார்க்கிறார். வீரர்களை வாங்குவதும் விற்பதும் விளையாட்டு இயக்குநர் பொறுப்பு. பழைய இங்கிலாந்து மேனேஜர் இரண்டையும் சுமந்தார். ஆகவே யாரை எடைபோட்டாலும் அவர் கையில் என்ன இருந்தது என்பதை முதலில் கேளுங்கள்.

லீக் பட்டமும் கோப்பைதானே? அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே?

நல்ல கேள்வி. லீக் பட்டம் என்பதே சீரான ஆட்டத்துக்குக் கொடுக்கும் பரிசு. அதனால்தான் மேனேஜர்கள் பலர் அதைத்தான் மற்ற கோப்பைகளுக்கு மேலாக வைக்கிறார்கள். ஆனால் முதல் இடம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதாக வந்தவர் எவ்வளவு சீராக ஆடினார் என்பதைப் பட்டம் சொல்லாது.

2018-19 சீசனில் யூர்கன் க்ளாப்பின் லிவர்பூல் 30 வெற்றி, 7 டிரா, ஒரே ஒரு தோல்வி, 97 புள்ளி. அதற்கு முன் நடந்த அத்தனை பிரீமியர் லீக் சீசன்களிலும் 97-ஐத் தாண்டிய சாம்பியன் ஒருவர்தான், முந்தைய வருஷம் 100 எடுத்த மான்செஸ்டர் சிட்டி. லிவர்பூலின் துரதிர்ஷ்டம், அதே சிட்டி இந்த முறை 98 எடுத்தது. அந்த ஒரே தோல்வி எங்கே வந்தது தெரியுமா? 2019 ஜனவரி 3, சிட்டியின் மைதானத்தில். மானே உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதை விலக்கப்போன ஸ்டோன்ஸ் உதைத்தது தன் கோல்கீப்பர் மேலேயே பட்டு கோலை நோக்கி மிதந்தது. ஸ்டோன்ஸ் பாய்ந்துபோய் கோட்டின்மேல் வைத்து அதை வெளியே தள்ளினார். முழுப் பந்தும் கோட்டைத் தாண்ட ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல்தான் பாக்கி. ஆட்டம் 2-1 என்று சிட்டிக்குப் போனது.

அந்த ஒரு சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு க்ளாப்புக்கு அந்த வருஷ லீக் ‘தோல்வி’ என்று எழுத எனக்கு மனசு வராது. மறு சீசன் அதே அணி, அதே வேலை, 99 புள்ளி, 30 வருஷத்துக்குப் பிறகு பட்டம்.

ஆர்சென் வெங்கர் நாலாவது இடத்தையே கோப்பை என்றவர். அவரை எப்படி மதிப்பிடுவது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேலியாகவும் வருகிறது, வேதனையாகவும் வருகிறது. முதல் நான்குக்குள் முடித்து சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறுவதும் ஒரு கோப்பைக்குச் சமம் என்கிற பொருளில் ஆர்சனல் மேனேஜரான அவர் பேசியதை வைத்து வருஷக்கணக்கில் கிண்டல் செய்தார்கள். நான் ஒரு காரியம் செய்யச் சொல்கிறேன். 1996-97 முதல் ஆர்சனல் பிடித்த இடங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள்.

3, 1, 2, 2, 2, 1, 2, 1, 2, 4, 4, 3, 4, 3, 4, 3, 4, 4, 3, 2. அப்புறம் 5, 6.

முதல் 20 சீசனும் முதல் நான்குக்குள். நிதானமாகப் பார்த்தால் இதில் இரண்டு வெவ்வேறு காலம் இருக்கிறது. 1997-98 முதல் எட்டு சீசன் ஒன்று அல்லது இரண்டு, கீழே இறங்கவே இல்லை. நடுவில் 2003-04-ல் 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லாத சீசன். பிறகு பத்து சீசன் மூன்று அல்லது நான்கு, மேலே ஏறவே இல்லை. இரண்டுமே சீரான ஆட்டம்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நடுவில் என்ன நடந்தது? 2003-ல் செல்சிக்கு ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச்சின் பணம் வந்தது. 2006-ல் ஆர்சனல் 38,000 பேர் உட்காரும் ஹைபரியை விட்டு 60,000 பேருக்கான புது மைதானத்துக்குக் குடிபோனது. கட்டிய கடன் கழுத்தில் இருந்தது. 2008-ல் சிட்டிக்கு அபுதாபி பணம் வந்தது. 2007-ல் ஆன்றி போனார், 2011-ல் ஃபாப்ரிகாஸ், 2012-ல் வான் பெர்ஸி. ஒவ்வொரு கோடையிலும் அணியின் முதுகெலும்பையே உருவிக் கொடுத்துவிட்டு, கடனையும் கட்டிக்கொண்டு, முதல் நான்கை விடாமல் பிடித்து நின்றார். 2005-க்கும் 2014-க்கும் இடையில் ஒரு கோப்பையும் இல்லை. கோப்பையை வைத்து அளந்தால் இந்த ஒன்பது வருஷம் வெறும் பாலைவனம். என்னைக் கேட்டால் தோல்வியே காணாத அந்த சீசனுக்கு அடுத்தபடி அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய வேலை இதுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடன் பாரம் குறைந்து, 2013-ல் ஓசில், 2014-ல் சாஞ்செஸ் என்று பெரிய வீரர்களை வாங்கத் தொடங்கிய பிறகும் வரிசை பெரிதாக மாறவில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் 2011 முதல் 2017 வரை ஏழு வருஷம் தொடர்ந்து கடைசி 16-லேயே வெளியேற்றம். கடைசி முறை பேயர்னிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 10-2. அதுவும் ஒரு தொடர்ச்சிதான். தடை விலகிய பிறகும் அதே இடத்தில் நிற்பதைத் தேக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். கையில் இருப்பது குறையும்போது தாக்குப்பிடித்தாரா, கூடும்போது ஏறினாரா? வெங்கர் முதல் கேள்வியில் அபாரமாகத் தேறினார், இரண்டாவதில் தேறவில்லை.

அப்படியானால் பணம்தானே எல்லாம்? மேனேஜருக்கு என்ன வேலை?

பணம் பெரும்பகுதி. பொருளாதார ஆய்வாளர் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கி இங்கிலாந்து கிளப்களின் கணக்குகளை ஆராய்ந்து, வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் புள்ளிப்பட்டியலில் பிடிக்கும் இடத்துக்கும் மிக நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டினார். மேனேஜர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளக் கணக்கு இழுத்துப்போகும் இடத்தில்தான் முடிக்கிறார்கள்.

அதனால்தான் அந்த இழுப்பை வருஷக்கணக்கில் எதிர்த்து நீந்துகிறவர்களைக் கவனிக்கச் சொல்கிறேன். சிமியோனே 2011 டிசம்பரில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு வந்தார். ஒரே நாட்டில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்று இரண்டு மலைகள். 2012-13 முதல் 2024-25 வரை ஒரு சீசன்கூட நான்காவது இடத்துக்குக் கீழே போகவில்லை. இரண்டு முறை மலைகளைத் தாண்டிப் பட்டமும் வாங்கினார், 2014-லும் 2021-லும்.

பிரான்ஸில் கி ரூ இன்னும் ஆச்சரியமான கதை. ஓக்ஸேர் என்ற சின்ன ஊர், மக்கள்தொகை 40,000 தேறாது. 1961-ல் அந்த ஊர் அணியை ஏற்றார். அப்போது அது வட்டார அளவில் ஆடிக்கொண்டிருந்தது. 1980-ல் முதல் பிரிவுக்கு ஏறியது. வாங்குவதற்குப் பணமில்லை என்பதால் இளம் வீரர்களை வளர்த்தெடுத்தார்கள். கான்டனா அங்கே வளர்ந்தவர்தான். லீக் பட்டம் 1996-ல் கிடைத்தது, ஒரே முறை. 2005-ல் அவர் ஓய்வு பெறும் வரை ஓக்ஸேர் முதல் பிரிவை விட்டு இறங்கவே இல்லை. அந்த ஒரு பட்டத்தை அழித்துவிட்டுப் பாருங்கள், அவர் சாதனை அப்படியேதான் நிற்கும்.

கோப்பை ஜெயித்த உடனே வேலை போனவர்கள் நிறைய பேரா?

நிறைய. 2016-ல் வான் கால் யுனைடெட்டுக்கு எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். ரனியேரி 2015-16-ல் லெஸ்டரை சாம்பியன் ஆக்கினார், கால்பந்து வரலாற்றிலேயே இதைப்போல் இன்னொன்று சொல்வது கஷ்டம்; ஒன்பது மாதத்தில் அவரும் போனார். மவுரினியோ 2015 மே மாதம் செல்சிக்கு லீக் பட்டம் வாங்கினார். டிசம்பரில் அணி 16-வது இடத்தில் கிடந்தது, அவரும் வெளியே. விகன் கிளப் 2013 மே 11-ல் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. மே 14-ல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இடையில் மூன்றே நாள்.

கிளப்பை நடத்துகிறவர்கள் வாயால் கோப்பை, கோப்பை என்றாலும், முடிவெடுக்கும்போது பார்ப்பது புள்ளிப்பட்டியலைத்தான் என்பது இதிலிருந்து தெரியும். ரனியேரி விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் ஆறவில்லை. அப்படி ஒரு காரியத்தைச் செய்தவருக்கு அந்த சீசனையாவது முடிக்க விட்டிருக்கலாம்.

ரசிகனுக்குக் கோப்பை தூக்கிய நாள்தானே நினைவில் நிற்கிறது? “நாலு வருஷம் மூன்றாவது இடம்” என்று யாராவது கொண்டாடுவார்களா?

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. விகன் ரசிகரிடம் போய், “கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடு, இன்னும் இரண்டு சீசன் மேல்பிரிவில் 15-வது இடம் தருகிறேன்” என்று பேரம் பேசினால் அடிக்க வருவார். வரத்தான் வேண்டும். டாட்டன்ஹாம் ரசிகருக்கு பில்பாவ் இரவு சாகும்வரை போதும்.

ஆனால் நாம் கேட்கும் கேள்வி வேறு. மறக்க முடியாத நாள் எது என்பது ஒரு கேள்வி. மேனேஜர் தன் வேலையை எப்படிச் செய்தார் என்பது இன்னொன்று. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மழையில் நனைந்து மைதானத்துக்குப் போகிற ரசிகனுக்கு அந்த 38 நாளும் வாழ்க்கைதான். தன் அணி இன்று என்ன ஆடும் என்று ஓரளவு நம்பிப் போக முடிகிறதே, அது ஒரு மேனேஜர் ரசிகனுக்குக் கொடுக்கும் மரியாதை. அதற்கு ஊர்வலம் கிடையாது, அவ்வளவுதான்.

ஒரு மேனேஜரை எடைபோட எத்தனை சீசன் பார்க்க வேண்டும்?

மூன்றுக்குக் குறைந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஐந்து இருந்தால் நல்லது.

எவர்ட்டனில் டேவிட் மோய்ஸின் வரிசையைப் பாருங்கள். முழு சீசன்கள் மட்டும்: 7, 17, 4, 11, 6, 5, 5, 8, 7, 7, 6. பதினோரு சீசன், ஒரு கோப்பையும் இல்லை. 2009 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் வரை வந்து செல்சியிடம் 2-1 என்று தோற்றார்கள்.

இந்த வரிசையில் மிகவும் பளிச்சென்று தெரிவது 4. 2004-05 சீசன். ரூனியை யுனைடெட்டுக்கு விற்ற கையோடு நான்காவது இடம். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் கோல் கணக்கைப் பாருங்கள்: போட்டது 45, வாங்கியது 46. போட்டதைவிட அதிகம் வாங்கிய அணி நான்காவது இடத்தில்! ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டங்கள் ஏராளம். அப்படி ஜெயிப்பது எப்போதும் நடக்காது. மறு சீசன் 11-வது இடம். நான் மோய்ஸின் நல்ல வேலையைத் தேடுவது அந்த 4-ல் அல்ல. அதற்குப் பிறகு வரும் 6, 5, 5, 8, 7, 7, 6-ல் தேடுகிறேன். ஏழு வருஷம், எட்டுக்குக் கீழே இறக்கம் இல்லை, பெரிய கிளப்களின் பணத்தில் ஒரு பங்கு மட்டுமே கையில். மேலும் கீழும் ஊசலாடிய அணி எப்போது நிலைக்கு வந்தது என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது.

மறுபக்கம், ஒரு மோசமான சீசனை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2015 பிப்ரவரி தொடக்கத்தில் க்ளாப்பின் டோர்ட்மண்ட் ஜெர்மன் லீக்கில் கடைசி இடத்தில், 18-ல், கிடந்தது. ஏழாவதாக முடித்தது. ஃபெர்குசனின் யுனைடெட் 1989-90-ல் 13-வது இடம். அவர் வந்து மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த மே மாதம் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது, யுனைடெட்டில் அவருடைய முதல் கோப்பை. அதிலிருந்து எல்லாம் தொடங்கியது என்பார்கள். நாற்காலி காப்பாற்றப்பட்டது என்ற அளவில் அதை நான் ஏற்கிறேன். ஆனால் அவரைப் பெரியவர் ஆக்கியது அதற்குப் பின் வந்தது: பிரீமியர் லீக்கில் அவர் இருந்த 21 சீசனில் 13 முறை முதலிடம், 5 முறை இரண்டாவது, 3 முறை மூன்றாவது. நான்காவது என்ற இடத்தையே அவர் பார்த்ததில்லை. இடையில் முழு அணியையே மூன்று நான்கு முறை கலைத்துக் கட்டினார்.

நாக்அவுட் போட்டிகளில் மட்டும் ஜொலிக்கும் மேனேஜர்கள்? அது திறமை இல்லையா?

திறமைதான், திரும்பத் திரும்பச் செய்தால். உனாய் எமரி யூரோப்பா லீக்கை நான்கு முறை வென்றார், மூன்று செவியாவோடு, ஒன்று வில்யரியாலோடு. ஆன்சலோட்டி சாம்பியன்ஸ் லீக்கை ஐந்து முறை. ஐந்து முறை கம்பம் ஒருவருக்கே உதவி செய்யாது. கோப்பையையும் தொடர்ச்சி என்ற கண்ணோடு பார்க்கலாம் என்பதற்கு இவர்கள் சாட்சி.

சுவாரசியமானவர் ஸிதான். 2016, 2017, 2018 மூன்று சாம்பியன்ஸ் லீக்கும் ரியல் மாட்ரிட்டோடு அவருடையது. ஆனால் 2017-18 லீக்கில் ரியல் மாட்ரிட் மூன்றாவது, பார்சிலோனாவுக்கு 17 புள்ளி பின்னால். ஒரே அணி, ஒரே மேனேஜர், ஒரே சீசன். எந்தத் தாளை எடுத்தாலும் மற்ற தாளையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

தேசிய அணி மேனேஜர்களுக்கு இது பொருந்துமா? அவர்களுக்கு லீக்கே இல்லையே.

பொருந்தும், ஆனால் கடினம். இரண்டு வருஷத்துக்கு ஒரு பெரிய போட்டி, அதிலும் அதிகபட்சம் ஏழெட்டு ஆட்டம். எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைத்தான் வரிசையாகப் பார்க்க முடியும்.

ஜெர்மனிக்கு யோவாகிம் லோவ்: 2008 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதியாட்டம், 2010 உலகக் கோப்பையில் மூன்றாவது, 2012 அரையிறுதி, 2014 உலக சாம்பியன், 2016 அரையிறுதி. 2018-ல் முதல் சுற்றிலேயே வெளியே. 2014 கோப்பையை நீக்கினாலும் பத்து வருஷத்துக்கு அரையிறுதிக்குக் கீழே இறங்காத அணி அது. கிரீஸ் 2004-ல் ஓட்டோ ரேஹாகல் தலைமையில் யூரோ கோப்பையை வென்றது, அற்புதம். அடுத்து வந்த 2006 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. சவுத்கேட்டின் இங்கிலாந்து 2018 அரையிறுதி, 2021-லும் 2024-லும் யூரோ இறுதி, கோப்பை இல்லை. அவருக்கு முன் அந்த நாடு பல காலம் பார்க்காத தொடர்ச்சி அது. அவர் அணி ஆடிய விதம் பிடிக்காது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. “ஒன்றும் செய்யவில்லை” என்பவர்களோடு உண்டு.

போச்செட்டினோ டாட்டன்ஹாமில் ஒன்றும் ஜெயிக்கவில்லையே?

ஐந்து சீசன்: 5, 3, 2, 3, 4. பிறகு 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். கடைசிக் காலத்தில் சொந்த மைதானம் இல்லாமல் வெம்ப்ளியில் ஆடினார்கள். 2018 கோடையில் ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. 2019 நவம்பரில் அனுப்பினார்கள். அதற்குப் பின் அதே கிளப் எத்தனை மேனேஜரை மாற்றியது, எங்கெல்லாம் முடித்தது என்பதை மேலே முதல் பத்தியோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நானே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

அவர் இருந்த சீசன்களின் இடங்களை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்து எழுதுங்கள். 38 ஆட்டத்தில் 76 என்றால் ஆட்டத்துக்கு 2, அதுவே நல்ல அளவு. அதே சீசன்களில் கிளப்பின் சம்பளச் செலவு லீக்கில் எத்தனாவது என்று பாருங்கள்; ஆண்டறிக்கைகளை வைத்து வரும் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும். சம்பளத்தில் 10-வது, பட்டியலில் 7-வது, அதுவும் மூன்று நான்கு சீசன் என்றால் அங்கே ஒரு நல்ல மேனேஜர் இருக்கிறார்.

அதற்கு மேல் நான் பார்ப்பது, சிறந்த வீரரை விற்ற அடுத்த சீசன். ஒரு வீரரைத் தாங்கி நின்ற அணியா, மேனேஜர் கட்டிய அணியா என்பது அங்கே வெளிச்சமாகிவிடும்.

எதிர்பார்க்கப்படும் கோல் கணக்கு, எக்ஸ்ஜி, உதவுமா?

உதவும். எவ்வளவு நல்ல வாய்ப்புகளை உருவாக்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. 2020-21-ல் பிரைட்டன் 16-வது இடம், ஆனால் இந்தக் கணக்கில் அதைவிட வெகு மேலே இருந்தது. மேனேஜர் கிரஹாம் பாட்டரை அனுப்பாமல் வைத்திருந்தார்கள். மறு சீசன் ஒன்பதாவது. பத்து ஆட்டத்துக்கு இதைப் பார்த்துத் தீர்ப்பெழுதாதீர்கள், ஒரு சீசனுக்காவது பாருங்கள்.

கோப்பையே இல்லாமல் “வெற்றி பெற்ற மேனேஜர்” என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல ஒருவராவது உண்டா?

உண்டு. கிறிஸ்டியன் ஷ்ட்ரைஷ். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் கிளப்பில் இளைஞர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், 2011 டிசம்பர் கடைசியில் முதல் அணியை ஏற்றார். அணி பட்டியலின் அடியில் கிடந்தது, காப்பாற்றினார். அடுத்த சீசன் ஐந்தாவது. உடனே பெரிய கிளப்கள் வந்து அவருடைய வீரர்களை அள்ளிக்கொண்டு போயின. 2015-ல் ஃப்ரைபுர்க் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. வேறு கிளப்பாக இருந்தால் அன்று மாலையே ஆளை மாற்றியிருப்பார்கள். இவர்கள் மாற்றவில்லை. மறு வருஷமே இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து அணியை மேலே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

2022 மே மாதம் பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டம். லைப்சிக் எதிரணி. பாதி ஆட்டத்துக்கு மேல் ஃப்ரைபுர்க் முன்னிலையில் இருந்தது. 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. கேப்டன் குந்தர் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. டெமிரோவிச் உதைத்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கிளப்பின் வரலாற்றில் முதல் கோப்பை கைக்கு வந்து நழுவியது. மைதானத்தில் ஏறக்குறைய பாதி இடத்தை நிரப்பியிருந்த ஃப்ரைபுர்க் ரசிகர்கள் தங்கள் அணியைப் பாடி வழியனுப்பினார்கள்.

மறு சீசன் ஷ்ட்ரைஷின் அணி 59 புள்ளி எடுத்து ஐந்தாவதாக முடித்தது.